செத்தவீட்டு பஸ்ஸில் ஒரு மூச்சுப் பயிற்சி

சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஆட்களுக்கு வருகிற ஆபத்துகள் தனி வகை. சொல் கேளாமல் பள்ளத்தில் விழுந்தவரை ஊர் திட்டும். சொல் கேட்டு விழுந்தவரைப் பார்த்துச் சிரிக்கும். நான் இரண்டாவது வகை. பள்ளிக்கூடத்தில் ஐந்து காரணம் கேட்டால் ஆறு எழுதுவேன். பிறகு அந்த ஆறாவது பிழையோ என்று வீடு வந்து சேரும்வரை யோசித்துக்கொண்டு நடப்பேன். (பெரும்பாலும் பிழைதான்.)

என் மகள் அபி தத்தித் தத்தி நடக்கத் தொடங்கிய நாட்களில் எனக்குக் குளுக்கோமா இருப்பது தெரியவந்தது. கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வையின் ஓரங்களைச் சத்தமில்லாமல் தின்றுகொண்டு வருகிற வருத்தம் அது. போன பார்வை திரும்பி வராது. மிச்சத்தைக் காப்பாற்ற வாழ்நாள் முழுக்கச் சொட்டு மருந்து விடவேண்டும். வலது கண்ணில், மூக்குப் பக்கமாக, எனக்கு ஏற்கெனவே ஒரு துண்டு இல்லை. இல்லை என்பதுகூடத் தெரியாமல் இல்லாமல் போயிருந்தது. அதுதான் என்னை அதிகம் பயப்படுத்தியது. கள்ளன் வந்து போனதே தெரியாத வீட்டில் மிச்ச நகை பத்திரமாக இருக்கிறது என்று எப்படி நம்புவது?

கிளினிக்கில் ஓர் இயந்திரம் வைத்திருக்கிறார்கள். நாடியை வைத்து உள்ளே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எங்கேயாவது சின்ன வெளிச்சப் புள்ளி தெரிந்தால் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். முதல் தடவை நான் உற்சாகமாக அழுத்திக்கொண்டே இருந்தேன். மருத்துவத்தாதி இயந்திரத்தை நிறுத்தினார்.

"தங்கச்சி, இல்லாத வெளிச்சத்துக்கும் அழுத்துறீங்கள்."

"விட்டுப்போடுவனோ எண்டு பயம் மிஸ்."

"இது சோதினை இல்லை. பெயில் ஆக்கமாட்டம்."

பெயில் ஆக்கமாட்டார்களாம். எனக்கோ அதுதான் வாழ்க்கையிலேயே பெரிய சோதினை.

அந்தக் கிளினிக்கின் இளம் பெண் மருத்துவர்தான் ஒருநாள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நித்திரை கொள்ளுறீங்களா?" என்று கேட்டார். கண்ணைப் பற்றிய கேள்விக்கெல்லாம் ஆயத்தமாக வந்திருந்தேன். இதற்கு அழுதுவிட்டேன். நீண்டகாலக் கண் வருத்தம் உள்ளவர்களுக்கு மனமும் சேர்ந்து களைக்கும் என்றார் அவர். கைபேசியில் ஒரு செயலி இருக்கிறது, திரையைப் பார்க்கத் தேவையில்லை, குரலைக் கேட்டால் போதும், நாளாந்தம் கொஞ்ச நேரம் மூச்சைக் கவனித்து, மனம் எங்கே ஓடுகிறது என்று பார்த்து, திரும்பக் கூட்டிக்கொண்டு வருகிற பயிற்சி என்றார். "இது கண்ணுக்கு மருந்து இல்லை. கண்ணுக்குச் சொட்டு மருந்துதான். இது உங்களுக்கு." அவர் தெளிவாகத்தான் சொன்னார். நான்தான் அதையும் பாடத்திட்டத்தில் சேர்த்துக்கொண்டேன்.

செயலியில் பேசிய பெண்ணின் குரல் இந்தியத் தமிழ். அவசரம் என்றால் என்னவென்றே தெரியாத குரல். "கண்களை மெல்ல மூடிக்கொள்ளுங்கள்" என்பாள். அங்கேயே நான் நின்றுவிடுவேன். மற்றவர்களுக்குக் கண்ணை மூடுவது இளைப்பாறுவது. எனக்கு அது ஒத்திகை. மூடினால் வருகிற இருட்டு ஒருநாள் திறந்தாலும் போகாது என்ற நினைப்பில் நெஞ்சு அடிக்கும். ஆகவே கண்ணைத் திறந்துகொண்டே செய்தேன். அமைதிக்கான பயிற்சியைப் பிழையாகச் செய்கிறேனே என்று அமைதி இழந்தேன். கவலைப்பட்டால் அழுத்தம் கூடுமோ என்று கவலைப்பட்டு, அந்தக் கவலையால் இன்னும் கூடுமோ என்று கவலைப்பட்டேன். மறந்துவிடுவேனோ என்ற பயத்தில், மத்தியானப் பயிற்சி தானாகவே தொடங்கும்படி வேறு வைத்தேன். உப்புவெளியில் எங்கள் வீட்டடியில் மீன்காரரின் கூவலையும் மீறிக் கேட்க வேண்டும் என்று சத்தத்தை உச்சத்தில் வைத்திருந்தேன்.

அபி நேர்சறிக்குப் போகத் தொடங்கிய இந்த நேரத்தில்தான் மாமி தொலைபேசியில் அந்தக் கதையை எடுத்தார். என் கணவர் சுதனின் அம்மா. கிளிவெட்டியில் வயலும் மாடுமாக இருக்கிறவர். குரல் பெரிது, கை அதைவிடப் பெரிது, மனம் எவ்வளவு என்று அப்போது எனக்குத் தெரியாது.

"உன்ர கண் ஒரு நிலைக்கு வருமட்டும் அபி எங்களோட இருக்கட்டுமன் பிள்ளை. இஞ்ச றோட்டும் இல்லை, வாகனமும் இல்லை. நீ தனிய அவளை நேர்சறிக்குக் கொண்டுபோய், கடற்கரை றோட்டில... எனக்கு நெஞ்சு திக்குத்திக்கெண்டுது."

கண் ஒரு நிலைக்கு வராது என்பதை நான் அவருக்கு விளங்கப்படுத்தவில்லை. "யோசிப்பம் மாமி" என்றேன். மாமியிடம் இல்லை என்று நான் சொன்னதே கிடையாது. கலியாணத்துக்கு எடுத்த சேலையின் நிறம் முதல் குழம்புக்குப் போடும் புளி வரை எல்லாவற்றுக்கும் ஓம்தான். சுதன் மட்டும், "நீர் தனியச் சமாளிக்கிறீர் எண்டு கண்டால் அம்மா அந்தக் கதையை விட்டிடுவா" என்றார். அவர் சும்மா சொன்னது. நான் அதைப் பரீட்சைத் திகதியாக எடுத்துக்கொண்டேன். அடுத்த கிளினிக்குக்கு, முதல் தடவையாக, தனியாகப் போய் வருவேன். போய் வந்தால் பிள்ளை என்னோடு.

போனேன். அபியை நேர்சறியில் விட்டு, பஸ் ஏறி நகரத்தில் இறங்கி, வரிசையில் நின்று, கண்ணில் மருந்து விட்டுக்கொண்டேன். கண்மணியை விரிக்கிற மருந்து அது. விட்டால் சில மணி நேரத்துக்குக் கிட்ட உள்ளது ஒன்றும் வாசிக்கேலாது. வெயில் கண்ணுக்குள் ஊற்றினதுபோல் கொட்டும். தண்ணீர் ஓடும். வழமையாக இந்த நிலையில் என்னைக் கையில் பிடித்து மோட்டார்சைக்கிளில் ஏற்றுவது சுதன். மருத்துவர் அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் கூடியிருக்கு, இன்னொரு சொட்டு மருந்து சேர்ப்பம்" என்றார். கொஞ்சம் என்றால் எவ்வளவு கொஞ்சம் என்று கேட்க நினைத்துக் கேட்காமல் வெளியே வந்தேன்.

கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பஸ் நிலையப் பக்கம் நடந்தேன். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தது. இப்படியான நேரத்துக்குத்தானே பயிற்சி? ஒரு மர நிழலில் நின்று காதில் கருவியைச் செருகி, பெரிய பச்சைப் பொத்தானை ஊகத்தில் அழுத்தினேன். "நீங்கள் போய்ச் சேரவேண்டிய இடம் என்று எதுவும் இல்லை" என்று தொடங்கினாள் அவள்.

முன்னால் ஒரு பஸ் நின்றது. வெயிலில் கண் கூசிப் பலகையை வாசிக்க முடியவில்லை. முன்கண்ணாடியில் ஏதோ வெள்ளையாக ஆடியது. வெயில் பட்டு மின்னுகிறது என்று நினைத்தேன். வாசலில் நின்றவரிடம், "ஐயா, இது உப்புவெளியால போகுமோ?" என்று கேட்டேன். அவர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை, காதில் அவள் மூச்சை இழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் அவர் என் கறுப்புக் கண்ணாடியையும் அதற்குக் கீழே வழிகிற தண்ணீரையும் பார்த்தார். மிகுந்த மரியாதையோடு விலகி, கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்.

உள்ளே எல்லோரும் வெள்ளையாகத் தெரிந்தார்கள். மருந்து விட்ட கண்ணுக்கு உலகமே வெள்ளைதானே என்று இருந்துவிட்டேன். ஒரு பெண் எழுந்து எனக்கு யன்னல் பக்கம் இடம் விட்டார். பஸ்ஸில் பாட்டுப் போடவில்லை. ஒருவரும் கைபேசியில் கத்தவில்லை. நடத்துநர் மிச்சக்காசுக்குச் சண்டை பிடிக்கவில்லை. நடத்துநரே வரவில்லை. இந்த நாட்டில் ஓடுகிற ஒரு பஸ்ஸுக்குள் இப்படி ஓர் அமைதியை நான் கண்டதில்லை. பயிற்சி பலிக்கத் தொடங்கிவிட்டது என்று நினைத்தேன். (சிரிக்க வேண்டாம். உண்மையாகவே நினைத்தேன்.) முந்தின இரவு நித்திரையும் இல்லை. கண்ணை நான் மூடவில்லை, அது தானாக மூடிக்கொண்டது.

உப்புக் காற்று முகத்தில் அடித்துத்தான் விழித்தேன். பஸ் ஒரு நீண்ட பாலத்தின்மேல் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர் வெள்ளித்தகடாய்க் கொதித்தது. நகரத்திலிருந்து உப்புவெளிக்குப் போகிற வழியில் அப்படி ஒரு பாலம் இல்லை. அது கிண்ணியாப் பாலம். நான் வடக்கே போகவேண்டியவள், தெற்கே போய்க்கொண்டிருந்தேன்.

என் தலை பக்கத்துப் பெண்ணின் தோளில் இருந்தது. அவர் என் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அழாத பிள்ளை. நிறைவா வாழ்ந்த மனுசன். இனிக் கிடந்து வேதனைப்படத் தேவையில்லை. நீ மூத்தவற்ற மகளோ?"

"இல்லை அக்கா..."

"அப்ப இளையவற்ற பக்கம். என்னைத் தெரியேல்லையே? பூரணம். நீ சின்னப்பிள்ளையா இருக்கேக்க தூக்கித் திரிஞ்சனான்."

என்னைத் தூக்கித் திரிந்தவர்களில் பூரணம் என்று ஒருவரும் இல்லை. ஆனால் அவ்வளவு அன்பாகத் தலையைத் தடவிய ஒருவரிடம், நீங்கள் ஆரென்றே எனக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்வது? வாயைத் திறந்தேன், அவர் உடனே குரல் உடைந்து அழத் தொடங்கினார். நான் வாயை மூடிக்கொண்டேன். அந்த நேரம் சுதன் கைபேசியில் அழைத்தார். காதுக் கருவியைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டுப் பேசினேன்.

"எங்க நிக்கிறீர்?"

"பஸ்ஸில."

"இன்னுமோ? வீட்டடிக்கு வந்திருப்பீர் எண்டு நினைச்சன்."

"இது வேற பஸ்."

"என்ன பஸ்?"

குரலைத் தாழ்த்தினேன். "செத்தவீட்டு பஸ்."

சுதனுக்கு வேலை துறைமுகத்தில். கொஞ்ச நேரம் அங்கே இரும்புச் சங்கிலி இழுபடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஆர் செத்தது?"

"தெரியாது."

"தெரியாத ஆளின்ர செத்தவீட்டுக்கு ஏன் போறீர்?"

"நான் வீட்டுக்குத்தான் ஏறினனான்."

"சரி, பயப்பிடாதையும். எங்க போகுது எண்டு பக்கத்தில கேளும்."

கேட்டேன். பூரணம் அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கிளிவெட்டிக்குத்தான், வேற எங்க?" என்றார். சுதனுக்கும் கேட்டிருக்க வேண்டும். இந்தத் தடவை சங்கிலிச் சத்தம்கூட இல்லை.

"கௌரி, நேற்று அம்மா எடுத்தவ. எங்கட வயலுக்குப் பக்கத்து வயல்காரர் தில்லையர் மோசம் போட்டார் எண்டு. உம்மட்டச் சொல்ல மறந்து போனன்."

"அப்ப மாமி..."

"அம்மா அங்கதான் நிப்பா."

"சொல்லிப்போடாதேங்கோ!"

"நான் சொல்லத் தேவையில்லை. நீர் போய் அவவுக்கு முன்னால இறங்கப்போறீர்."

அபியை அவர் போய்க் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னார். என் பரீட்சை அத்தோடு முடிந்தது என்று எனக்கு விளங்கிவிட்டது. இடையில் இறங்கலாமா என்று யோசித்தேன். இறங்கினால் பலகை வாசிக்கேலாத கண்ணோடு நடுறோட்டில் நின்று இன்னொரு பஸ்ஸை மறிக்க வேண்டும். அதில் ஏறி எந்த ஊர்ச் செத்தவீட்டுக்குப் போய் இறங்குவேனோ? இருந்துவிட்டேன்.

செத்தவீட்டு பஸ்ஸில் போய் இறங்குகிற பெண்கள் சும்மா இறங்குவதில்லை. வீட்டுக்குப் போகிற ஒழுங்கையிலேயே குரல் வைத்து அழுதுகொண்டு, வரிசையாகப் பந்தலுக்குள் போய், வீட்டுப் பெண்களைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும். பூரணம் அக்கா என் கையை விடவில்லை. எனக்கோ வெயிலில் கண்ணைத் திறக்கவே ஏலாது. கண்ணீர் ஆறாய் ஓடியது. பார்த்தவர்கள் எனக்கு வழி விட்டார்கள். அழுகையின் அளவை வைத்து உறவின் நெருக்கத்தைக் கணித்திருப்பார்கள்போல. நான் தில்லையரின் தலைமாட்டுக்கே வந்து சேர்ந்தேன். அவருடைய மனைவி அங்கே இருந்தார். மெலிந்த மனுசி. என்னை நிமிர்ந்து பார்த்து, ஆரென்று கேட்காமலே கையை நீட்டினார். பக்கத்தில் இருத்தினார்.

அப்போதுதான் அந்தப் பெரிய குரல் கேட்டது. "அது என்ர மருமகள்!"

மாமி. பந்தலின் மறுபக்கத்தில் தேத்தண்ணித் தட்டோடு நின்றார். முகம் தெரியவில்லை, ஆனால் குரலில் பெருமை வழிந்தது. பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டு போனார்: "கண் வருத்தக்காரப் பிள்ளை. இண்டைக்குக் கிளினிக்கும் வேற. மகனுக்கு லீவு இல்லையெண்டு தனியக் கிளம்பி வந்திருக்கிறாள். பாருங்கோவன், மருந்து விட்ட கண்ணோட!"

வீட்டுக்குப் போகத் தெரியாமல் வந்தவள், அந்தப் பந்தலில் குலத்தின் மானத்தைக் காக்க வந்தவள் ஆனேன். உண்மையைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சொன்னால் அங்கேயே தோற்றேன். சொல்லாவிட்டால் பொய். இரண்டுக்கும் நடுவில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். பறை சற்று ஓய்ந்திருந்தது. அழுதவர்களும் களைத்து, பந்தல் அமைதியாக இருந்தது. மத்தியானம் ஆனது.

என் கைப்பைக்குள் மணி ஒலித்தது. மெல்லிய, இனிமையான, கோயில் மணிபோல ஒரு மணி. பிறகு உச்சச் சத்தத்தில் அவள் பேசினாள்.

"அன்பு நண்பரே. வசதியாகப் படுத்துக்கொள்ளுங்கள்."

பந்தலில் இருந்த எல்லாத் தலையும் தில்லையரின் பக்கம் திரும்பியது.

"உங்கள் உடலின் பாரம் முழுவதும் இறங்கட்டும். கைகளை அசைக்க வேண்டாம். நீங்கள் இப்போது யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை."

பைக்குள் கையை விட்டுக் கைபேசியை எடுத்தேன். திரை முழுக்க வெள்ளை மூடுபனி. நிறுத்துகிற பொத்தான் எங்கே என்று தெரியவில்லை. கண்டபடி தடவினேன். அது முதலிலிருந்து தொடங்கியது. "அன்பு நண்பரே..." சேலைத் தலைப்பால் சுற்றினேன். சேலைக்குள்ளிருந்து இன்னும் கம்பீரமாக வந்தது.

"இப்போது, மூச்சை மெதுவாக உள்ளே இழுங்கள்."

பின்னாலிருந்து ஒரு கிழவர் உரத்துக் கேட்டார், "ஆர் அவரை மூச்சிழுக்கச் சொல்லுறது?"

இன்னொருவர் சொன்னார், "அவர் அந்தத் தொழிலை நேற்றே விட்டிட்டார் எண்டு சொல்லு."

எங்கோ ஒரு பெண்ணின் வாயிலிருந்து சிரிப்பு வெடித்து, இருமலாக மாறியது. நிலம் பிளந்தால் இறங்கிவிடலாம் என்று நான் குனிந்துகொண்டேன். "மெதுவாக வெளியே விடுங்கள். அவசரம் இல்லை" என்றாள் அவள்.

அப்போது தில்லையரின் மனைவி வாய் திறந்தார். காலையிலிருந்து ஒரு சொல்லும் பேசாமல் இருந்தவராம். பிறகுதான் கேள்விப்பட்டேன். அவர் என் கையிலிருந்த அந்தச் சேலைச் சுருளைப் பார்த்துக்கொண்டு, யாருக்கோ சாட்சி சொல்வதுபோலச் சொன்னார்:

"இதைத்தானே நான் இரவிரவாய்ச் சொன்னனான்."

தில்லையருக்கு முட்டு வருத்தம். மூச்சு இழுத்துக்கொண்டு எழும்பி இருக்கிறவரின் முதுகைத் தடவி, அந்த மனுசி கடைசி மாதங்கள் முழுக்க இந்தச் சொற்களைத்தான் சொல்லியிருக்கிறார். இப்போது அவர் அந்தக் குரலோடு சேர்ந்து, அது சொல்லச் சொல்ல, தில்லையருக்குச் சொல்லத் தொடங்கினார். "மெதுவா இழுங்கோ. மெதுவா விடுங்கோ. அவசரம் இல்லையப்பா, அவசரம் இல்லை." மூன்றாவது தடவை அது அழுகையாயிற்று. நான்காவது தடவை ஒப்பாரி. பெண்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். அவர் என் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

நான் அழுதேன். மருந்தின் கண்ணீர் இல்லை இது. கொஞ்சம் கூடியிருக்கு என்று காலையில் மருத்துவர் சொன்னதிலிருந்து அடக்கி வைத்திருந்தது, அபியின் முகம் எனக்கு எவ்வளவு காலத்துக்கு என்று கேட்கப் பயந்தது, எல்லாம் வந்தது. தெரியாத ஒருவருக்காக நான் இவ்வளவு அழுதது அந்தப் பந்தலில் ஒருவருக்கும் பிழையாகத் தெரியவில்லை. அங்கே அழுவதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. அந்த மனுசியின் தோளில் முகத்தைப் புதைத்தேன். கண்ணை மூடினேன், நானாகவே. உள்ளே இருட்டுத்தான். ஆனால் அதற்குள் வேர்வையும் கற்பூரமும் மணத்தன, ஒரு நெஞ்சு ஏறி இறங்குவது கேட்டது, ஒரு கை என் முதுகில் இருந்தது. இருட்டுக்குள் இவ்வளவு ஆட்கள் இருப்பார்கள் என்று நான் நினைத்திருக்கவில்லை.

பயிற்சி தன் நேரம் முடிந்து தானாக நின்றது. "உங்களுக்கு நன்றி" என்றாள் கடைசியில். ஒருவரும் சிரிக்கவில்லை.

மாமி என்னைக் கையில் பிடித்து வீட்டுக்குப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். குசினிக்குப் பின்னால், மாட்டுக்கொட்டில் நிழலில் ஒரு கதிரையில் இருத்தினார்.

"உண்மையைச் சொல்லு. நீ எப்பிடி வந்தனி?"

சொன்னேன். கண்மணி மருந்து, வாசிக்கேலாத பலகை, வெயில் என்று நினைத்த வெள்ளைக் கொடி, பாட்டில்லாத பஸ், பாலம். மாமி கேட்டுக்கொண்டே இருந்தார். இடுப்பில் கை ஏறியது.

"அப்ப நீ மரியாதைக்கு வரேல்ல?"

"இல்லை மாமி."

"நான் ஊரெல்லாம் சொல்லிப்போட்டன் எல்லே!"

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ மாமி."

"அதை விடு. இதுக்குத்தான் சொல்லுறன். கிளிவெட்டி பஸ்ஸுக்கும் உப்புவெளி பஸ்ஸுக்கும் வித்தியாசம் தெரியாமல் வந்து நிக்கிறாய். பிள்ளை கையில இருந்திருந்தா? வாற கிழமையே அபியை நான் வந்து கூட்டிக்கொண்டு..."

"ஏலாது மாமி."

யார் சொன்னது என்று நானே திரும்பிப் பார்த்தேன். கொட்டிலில் மாடு மட்டும்தான் நின்றது.

"என்ன?"

"அபியைத் தரேலாது. குறை நினையாதேங்கோ." (இல்லை என்று சொல்லியும் மரியாதை விட மனமில்லை.) "என்ர கண் ஒரு நிலைக்கு வராது மாமி. இப்ப இருக்கிறதைக் காப்பாத்தத்தான் மருந்து. கன காலத்துக்கு இருக்கலாம் எண்டு டொக்டர் சொல்லுறா. இருக்காமலும் போகலாம். தெரியிறமட்டும் நான் அவளைப் பாக்கவேணும். தெரியாட்டி, அவள் எனக்குப் பக்கத்தில இருக்கவேணும்."

மாமியின் முகம் எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. அதனால்தான் அவ்வளவையும் சொன்னேனோ என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். தெரிந்திருந்தால் பாதியில் விழுங்கியிருப்பேன். மாமி கிணற்றடிக்குப் போனார். வாளி போய் விழுகிற சத்தம் கேட்டது. முகம் கழுவுகிற சத்தம் நீண்ட நேரம் கேட்டது. திரும்பி வந்து, ஈரக்கையை என் தலையில் துடைப்பதுபோல வைத்தார்.

"எனக்கு ஒருத்தரும் இதைச் சொல்லேல்ல. கொஞ்சக் காலத்தில மாறிப்போடும் எண்டுதான் நினைச்சிருந்தன்." பிறகு, அதே மூச்சில், "அடுத்த கிளினிக் எப்ப?" என்றார்.

பிரேதம் எடுத்த பிறகு அதே பஸ்ஸில் நகரத்துக்குத் திரும்பினேன். பூரணம் அக்கா எனக்குப் பக்கத்திலேயே இருந்தார். நான் ஆரென்று அதற்குள் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் தோளை எடுக்கவில்லை. வீட்டு வாசலில் அபி ஓடிவந்தாள். செத்தவீட்டுக்குப் போய் வந்த உடம்போடு பிள்ளையைத் தொடக்கூடாது. "தொடாதை குஞ்சு, அம்மா முழுகிப்போட்டு வாறன்" என்று கையை உயர்த்திக்கொண்டு நின்றேன். அவள் என் கண்களைப் பார்த்து, "டொக்டர் அடிச்சவவோ?" என்று கேட்டாள். மருந்து இறங்கியிருந்தது. அவள் புருவத்துக்கு மேலே இருந்த சின்ன மண்பொட்டுக்கூட எனக்குத் தெரிந்தது.

தில்லையரின் மனைவி எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த பிறகு மாமியிடம் ஆள் விட்டிருந்தார். அந்தப் பொம்பிளையின் குரலைத் தன் கைபேசியிலும் போட்டுத் தரச் சொல்லி. வீடு சத்தமில்லாமல் இருக்கிறதாம். இப்போது அவர் நாளாந்தம் கேட்கிறார். மூச்சை இழுக்கச் சொன்னால், "நான் இழுக்கிறன், நீ உன்ர அலுவலைப் பார்" என்று அவளுக்குப் பதிலும் சொல்கிறாராம். மாமியும் ஒருமுறை செய்து பார்த்தார். இரண்டாவது மூச்சில் குறட்டை.

நான் இன்னமும் பயிற்சி செய்கிறேன். சரியாகத்தான் செய்கிறேனா என்று தெரியாது. அபி என்னோடுதான் இருக்கிறாள். சோதினை என்று இப்போதும் பயப்படுகிறேன், ஆனால் தனியாக எழுதுவதில்லை. கிளினிக் நாளில் மாமி கிளிவெட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். கண்ணில் மருந்து விட்ட என்னைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு வருவார். உப்புவெளி பஸ்ஸின் பலகையை அவரே வாசிப்பார். நன்றாக வாசிக்கத் தெரிந்தவர்தான். ஆனாலும் அது போதாது. படியில் ஒரு காலை வைத்து, பஸ் முழுக்கக் கேட்கும்படி நடத்துநரிடம் கேட்பார்:

"தம்பி, இதில ஆரும் செத்ததோ?"

நடத்துநர் பதறிப்போய், "இல்லையம்மா!" என்பார்.

"அப்ப சரி" என்று மாமி என்னைத் திரும்பிப் பார்ப்பார். "ஏறு பிள்ளை."